பொன்னாடையைத் தின்ற எருமை

நாணல்குளத்துக் கரையில் வெள்ளச்சி என்றோர் எருமை இருந்தாள். நிறமோ அடுப்புக்கரி. பேர் வைத்த புண்ணியவானுக்குக் கண்ணில் என்ன கோளாறோ, இப்போது போய்க் கேட்க முடியாது.

காட்டில் அடிபட்டது, காய்ச்சல் கண்டது, தாயை இழந்தது, எதுவானாலும் வெள்ளச்சியிடம்தான் வந்து சேரும். குளக்கரை நாவல்மரத்து நிழல்தான் விடுதி. அவளுடைய சொந்தக் கன்று பிறந்த சில நாளிலேயே செத்துப்போனது. மடியில் பால் கட்டி வலித்தது. அப்போது பசியோடு வந்த ஒரு முயல்குட்டிக்குக் கொடுத்தாள். அடுத்து இன்னொன்று வந்தது. அப்படித்தான் விடுதி வளர்ந்தது. யாரும் திறப்பு விழா நடத்தவில்லை.

அவளுக்குத் துணை அஞ்சலை என்ற மந்தி. புண் கழுவுவாள், சாணி அள்ளுவாள், பழத்தைப் பிசைந்து ஊட்டுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம். வேலை செய்கிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் எப்படி?

குளக்கரையில் இளம்புல் பச்சைப்பசேல் என்று கிடக்கும். அதை மேய்ந்தால் வெள்ளச்சிக்குப் பால் சுரக்கும். பால் இருந்தால் குட்டிகளுக்கு உயிர். அந்த விடுதி ஓடியது இந்த ஒன்றை நம்பித்தான்.

அந்தச் சமயம் விடுதியில் சுண்டு என்ற காட்டுப்பன்றிக் குட்டி இருந்தான். அவன் அம்மா தோட்டத்து மின்வேலியில் மாட்டிச் செத்துப்போனாள். அவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். கிழங்கு கொடுத்தால் துப்பினான். பழம் கொடுத்தால் கக்கினான். வெள்ளச்சியின் பால் மட்டும்தான் அவன் வயிற்றில் தங்கியது.

"இவன் தேறிடுவானாக்கா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"பால் தப்பாம குடுத்தா தேறிடுவான் புள்ள. ஒரு வேளை தவறினாலும் சொல்ல முடியாது" என்றாள் வெள்ளச்சி.

இந்த நேரம் பார்த்துத்தான் மயில் மாணிக்கவேலுவின் கண்ணில் ஒரு புறா பட்டது. சிறகு ஒடிந்து பாதையில் கிடந்தது. மாணிக்கவேலு கரடியைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னான். தான் முன்னால் தோகையை விரித்துக்கொண்டு நடந்தான். விடுதிக்கு வந்ததும், "இந்தா! ஓர் உயிரைக் காப்பாத்திட்டேன்!" என்றான்.

"ரொம்ப நல்லதுண்ணே! அப்படியே கொஞ்ச நேரம் உக்காந்து, புண்ணுல ஈ மொய்க்காம தோகையால விசிறி விடுங்களேன்" என்றாள் அஞ்சலை.

"தோகையாலயா! அழுக்காயிடாது?" என்று பதறிப்போய்க் கிளம்பிவிட்டான் மாணிக்கவேலு.

கிளி பச்சையப்பன் இதைப் பார்த்துவிட்டது. அது பார்த்தால் போதும், காடு முழுக்கத் தெரிந்தாகிவிடும். "கேட்டீங்களா சேதி! உயிரைப் பணயம் வைத்துப் புறாவை மீட்டார் மாணிக்கவேலு!" என்று மரத்துக்கு மரம் கத்தியது. எந்த உயிரை, எங்கே பணயம் வைத்தான்? அதையெல்லாம் யார் கேட்டார்கள்!

உடனே ஒரு பாராட்டு விழா. யானை ஐயா தலைமை. தூக்கணாங்குருவிகள் ராப்பகலாக ஒரு பொன்னாடை நெய்தன. நல்ல பொன்னாடைக்கு நல்ல புல் வேண்டாமா? குளக்கரை இளம்புல்லை நார்நாராகக் கிழித்து நெய்தன. பட்டு மாதிரி மின்னியது. அதைப் போர்த்திக்கொண்டு மாணிக்கவேலு ஒரு சுற்று ஆடினான். 'மீட்பு மாமணி' என்று பட்டமும் கிடைத்தது.

புறா பிழைக்கவில்லை. அந்தச் சேதியை மட்டும் கிளி கத்தவில்லை.

பொன்னாடையைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது. "அவன் மட்டும்தான் மீட்பானா? நாங்களும் மீட்போம்!" என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கேளுங்கள் கூத்தை! அடிபட்டவர்கள் போதவில்லை. அதற்காக விட்டுவிடுவார்களா?

கரடி ஓர் ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாவம்! நடக்க முடியாம தடுமாறிட்டு இருந்துச்சு!"

"அடப்பாவி! நான் நடக்கிறதே அப்படித்தான்டா!" என்றது ஆமை.

மறுநாள் அதே கரடி ஓர் ஆந்தையைக் கொண்டுவந்தான். "நடுப்பகல்ல மயங்கிக் கிடந்தாரு! எவ்வளவு கத்தியும் எழுந்திரிக்கல!"

"தூங்கிட்டு இருந்தேன்யா!" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தது ஆந்தை.

"பாவம், உளறுறாரு. அதிர்ச்சி!" என்றான் கரடி.

நரி அதற்கும் மேலே போய்விட்டான். நாலைந்து நரிக்குட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். "அநாதைங்க! பார்த்ததும் மனசு கேக்கல! எங்கிருந்து வந்துச்சுங்களோ!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதில் ஒரு குட்டி அவன் வாலைப் பிடித்து இழுத்தது. "அப்பா, எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?"

"பார்த்தீங்களா, பார்க்கிற ஆளையெல்லாம் அப்பாங்குது! கொடுமை!" என்று சொல்லிவிட்டு நரி பறந்துவிட்டான்.

அஞ்சலைக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா! எல்லாரும் நம்ம தலையில கட்டிட்டுப் போறானுவ! இனிமே எவனாவது வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன்!"

"அனுப்பிப் பாரேன்!" என்று மேலே கிளையிலிருந்து குரல் வந்தது. கிளி பச்சையப்பன் அங்கேயே குடியிருந்தது போல. "'பச்சைக் குழந்தைகளை விரட்டினாள் கல்நெஞ்சக்காரி வெள்ளச்சி'ன்னு காடு பூரா சொல்லிடுவேன்!"

வெள்ளச்சி பெருமூச்சு விட்டாள். "உள்ள விடு புள்ள. குட்டிங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள். நரிக்குட்டிகள் மடியில் முட்டி முட்டிக் குடித்தன. சுண்டுவுக்கு மிச்சம் கொஞ்சம்தான் கிடைத்தது.

ஒவ்வொரு மீட்புக்கும் ஒரு விழா. ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பொன்னாடை. கரடிக்கு இரண்டு. பிறகு தலைமை தாங்கியவருக்கு ஒன்று, வரவேற்புரை சொன்னவருக்கு ஒன்று, நன்றியுரை சொன்னவருக்கு ஒன்று, போன விழாவில் விடுபட்டுப்போய்க் கோபித்துக்கொண்ட காட்டுக்கோழிக்கு ஒன்று. குளக்கரை மொட்டையாகிக்கொண்டே வந்தது.

வெள்ளச்சி குருவிகளிடம் கெஞ்சிப் பார்த்தாள். "தங்கச்சிங்களா, இந்தப் புல்லை விட்டுடுங்கம்மா. வேற இடத்துல புடுங்குங்களேன்."

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க! அடுத்த விழா உங்களுக்குத்தான்! மத்த புல்லு முரடு. உங்க முதுகுக்கு அதைப் போர்த்தினா எங்களுக்கு அல்லவா அவமானம்!" என்றன குருவிகள்.

"எனக்கு விழா வேணாம்மா!"

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்று குருவிகள் உருகிப்போய், இன்னும் ஒரு கட்டுப் புல்லைப் பறித்துக்கொண்டு போயின.

வெள்ளச்சி காய்ந்த சருகையும் முள்ளுச்செடியையும் மென்று பார்த்தாள். நாக்குத்தான் புண்ணானது. மடி வற்றியது. காலையில் நரிக்குட்டிகள் முட்டியபோது, நாலு சொட்டு வந்தது. அடுத்த வேளை அதுவும் இல்லை. சுண்டு கத்துவதை நிறுத்திவிட்டான். கத்தும் குட்டியைச் சமாளித்துவிடலாம். கத்தாத குட்டியைப் பார்த்தால்தான் பயம்.

"அக்கா, இவன் உடம்பு சில்லுன்னு இருக்கு" என்று அழுதாள் அஞ்சலை.

"யானை ஐயாகிட்டயே போய்க் கேட்டுடறேன். புல்லைத் தொடாதீங்கன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று எழுந்தாள் வெள்ளச்சி.

அவள் கிளம்புவதற்குள் தாரை தப்பட்டை மாதிரி ஒரே சத்தம். ஊர்வலம்! முன்னால் மயில் மாணிக்கவேலு. பின்னால் கரடி. கரடியின் கையில் ஒரு புள்ளிமான்குட்டி. மேலே கிளி. "மாபெரும் மீட்பு! தாயால் கைவிடப்பட்ட மான்குட்டி! மீண்டும் மாணிக்கவேலு!"

"எங்கே எடுத்தீங்க இதை?" என்று பதறினாள் வெள்ளச்சி.

"புல்வெளியில! அசையாம படுத்திருந்துச்சு! பக்கத்துல ஒரு நாதி இல்ல!" என்றான் மாணிக்கவேலு.

"எங்கம்மாதான் அசையாம படுத்திருன்னு சொன்னாங்க" என்றது குட்டி. "மேய்ஞ்சிட்டு வந்துடுவாங்க."

"ஐயோ பாவம்! ஓடிப்போன அம்மாவை இன்னும் நம்பிட்டு இருக்கு!" என்று மாணிக்கவேலு கண்ணை மூடிக்கொண்டான். ஊர்வலம் மொத்தமும் உச்சுக்கொட்டியது.

"அண்ணே! மான் அப்படித்தான் குட்டியை மறைச்சு வச்சிட்டு மேயப் போகும்! அவ வந்து தேடுவா! எடுத்த இடத்துலயே கொண்டு போய் வச்சிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கெஞ்சினாள் வெள்ளச்சி.

மாணிக்கவேலுவின் முகம் சுருங்கியது. "திருப்பி வைக்கிறதா? வச்சா அது மீட்பா? இன்னிக்கு மத்தியானம் விழா. உனக்கும் சேர்த்துத்தான். மேடையில நீ இந்தக் குட்டிக்குப் பால் குடுக்கிற. அதை எல்லாரும் பார்க்கிறாங்க. கிளம்பு, கிளம்பு!"

"பாலே இல்லண்ணே. இங்க ஒருத்தன் சாகக் கிடக்கான்."

"விழா முடிஞ்சதும் அவனைக் கவனிச்சுக்கலாம்!"

வெள்ளச்சி சுண்டுவைப் பார்த்தாள். யானை ஐயாவும் அங்கேதான் இருப்பார். கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். சுண்டுவை ஆமையிடம் ஒப்படைத்துவிட்டு, அஞ்சலையோடு நடந்தாள்.

பாறை மேடையைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. தோரணம், புல். மாலை, புல். தலைவர் உட்காரும் மெத்தை, புல். எல்லாம் அவள் கரையில் இருந்து வந்த புல். வாசனை மூக்கைத் துளைத்தது.

"ஐயா, ஒரே ஒரு வார்த்தை" என்றாள் யானையிடம்.

"பேசலாம்மா, பேசலாம்! உனக்குக் கடைசியா நேரம் ஒதுக்கியிருக்கு!" என்றார் யானை ஐயா.

வரவேற்புரை ஆரம்பித்தது. காட்டுக்கோழி தன் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னது. கரடி, ஆமையை மீட்ட கதையைச் சொன்னான். நரி, அநாதைகளைப் பற்றிச் சொல்லி அழுதான். பிறகு மாணிக்கவேலு எழுந்தான். "பேரன்பு மிக்க பெரியோர்களே! கருணைக் கடல் வெள்ளச்சி அவர்கள் சோறு தண்ணி பார்க்காமல் உழைக்கிறார்! பசி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது!"

கைதட்டல் பாறையைப் பிளந்தது. வெள்ளச்சியின் வயிறு போட்ட சத்தம் அதில் அமுங்கிப்போனது.

அப்போது ஒரு தாய்மான் மூச்சிரைக்க ஓடிவந்தது. "என் குட்டி! என் குட்டியை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"அம்மா!" என்று மேடையில் இருந்து கத்தியது குட்டி.

தாய் பாய்ந்தது. கரடி குறுக்கே நின்றான். "இப்ப வந்துட்டியா? பெத்த குட்டியைத் தனியா விட்டுட்டு மேயப் போனவதானே நீ?"

"நான் மேய்ஞ்சாத்தானே அதுக்குப் பால்! நான் பக்கத்துலயே நின்னா என் வாசத்துக்குப் புலி வந்துடுமே! அதனாலதானே தள்ளி நிக்கிறோம்!"

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு!" என்றது காட்டுக்கோழி.

"எனக்கும்தான் பிள்ளைங்க இருக்கு! நான் இப்படியா விட்டுட்டுப் போறேன்?" என்றான் நரி. மனுஷனாயிருந்தால் நாக்கு அழுகியிருக்கும்.

"விழா முடியற வரைக்கும் குட்டி மேடையிலதான் இருக்கணும். அதுக்கப்புறம் குழு கூடி முடிவு பண்ணும்" என்றான் மாணிக்கவேலு. "ஐயா, பொன்னாடை!"

யானை ஐயா துதிக்கையில் பெரிய பொன்னாடையைத் தூக்கினார். அதுவரை நெய்ததிலேயே பெரியது அதுதான். குளக்கரையின் கடைசிப் புல் அது. வெள்ளச்சியின் முதுகில் பூப்போலப் போர்த்தினார். "கருணைக் கடல் என்ற பட்டத்தை வழங்குவதில்..."

வெள்ளச்சி கழுத்தைத் திருப்பினாள். பொன்னாடையின் ஓரத்தைக் கவ்வினாள். இழுத்தாள். மென்றாள்.

அவள் நிறுத்தவில்லை. பாதிப் பொன்னாடை உள்ளே போனது. மீதியும் போனது. பிறகு கழுத்து மாலை. பிறகு பக்கத்தில் நின்ற மாணிக்கவேலுவின் தோளில் இருந்த பொன்னாடையையும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

"ஐயையோ! என் மரியாதையைத் தின்னுட்டா!" என்று அலறினான் மயில்.

"மரியாதை தெரியாத எருமை!" என்று கூட்டம் கத்தியது. "பட்டம் குடுத்தா இப்படியா பண்ணுவே?"

வெள்ளச்சிக்குக் கண் சிவந்துவிட்டது. வாயில் புல்லோடு திரும்பினாள். "பட்டத்தைக் கறந்தா பால் வருமா? ஊருல இருக்கிற குட்டியையெல்லாம் கொண்டு வந்து என் மடியில தள்ளுனீங்களே, எவனாவது எனக்கு ஒரு வாய் புல்லு கொண்டு வந்தீங்களா? இருந்த புல்லையும் புடுங்கி எனக்கே போர்த்துறீங்க! என் சோத்தை என் முதுகுல போட்டுட்டுக் கையைத் தட்டுறீங்க! அங்க ஒரு பச்சைப்புள்ள செத்துட்டு இருக்கான்யா!"

யானை ஐயா தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டார். உட்கார்ந்திருந்த புல்மெத்தையில் இருந்து மெதுவாக எழுந்து தள்ளி நின்றார். அவருக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அஞ்சலை காத்திருக்கவில்லை. தோரணத்தைப் பிய்த்தாள், மெத்தையைச் சுருட்டினாள், எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டாள். இந்த அமளியில் தாய்மான் மேடையேறிக் குட்டியைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டது.

"ஏய்! அது நான் மீட்ட குட்டி!" என்றான் மாணிக்கவேலு.

தாய்மான் ஒரு பார்வை பார்த்தது. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினான்.

வெள்ளச்சியும் அஞ்சலையும் விடுதிக்கு ஓடினார்கள். சுண்டு கண் மூடிக் கிடந்தான். ஆமை அவன்மேல் வெயில் படாமல் மறைத்து நின்றது. அஞ்சலை அவன் நெஞ்சில் காதை வைத்தாள்.

"இருக்குக்கா! துடிக்குது!"

வெள்ளச்சி தோரணத்தைத் தின்றாள். மெத்தையைத் தின்றாள். அசைபோட்டுக்கொண்டே அழுதாள். "வாடா, வாடா பாலு" என்று தன் மடியையே திட்டினாள். பொழுது சாயும் நேரம்தான் மடி கொஞ்சம் கனத்தது. சுண்டுவால் வாயைத் திறக்க முடியவில்லை. அஞ்சலை கையில் பீய்ச்சிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக அவன் உதட்டில் விட்டாள். முதல் சொட்டு வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. பிறகு நாக்கு அசைந்தது. பிறகு அவள் விரலையே கடித்தான்.

"கடிக்கிறான்க்கா! கடிக்கிறான்!" என்று வலியோடு குதித்தாள் அஞ்சலை.

மறுநாள் விடிந்ததும் கிளி கத்தியது. "காட்டையே அவமதித்த எருமை! பாராட்டுக் குழு கண்டனம்! இனி வெள்ளச்சிக்கு எந்த விழாவும் கிடையாது! எந்தக் குட்டியும் அவளிடம் கொண்டு போகப்பட மாட்டாது!"

கரடி கோபத்தோடு வந்து ஆந்தையைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான். நரி குதிகுதியென்று குதித்தான். "இவ்வளவு நடந்தப்புறம் என் பிள்ளைங்களை இங்க விடமாட்டேன்!" என்று கத்தினான். அநாதைகள் எல்லாம் "அப்பா! அப்பா!" என்று சந்தோஷமாக அவன் பின்னால் ஓடின.

நாவல்மரத்தடி அமைதியானது. கொண்டுபோய்த் தள்ள இடமில்லாமல் மீட்பும் நின்றது, விழாவும் நின்றது. மழை பெய்தது. குளக்கரையில் புல் துளிர்த்தது. நெய்ய ஆள் இல்லாததால் வளர்ந்தது. உண்மையிலேயே அடிபட்டவர்கள் தாங்களே நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார்கள். தாய்மான் மேய்ச்சல் முடிந்து திரும்பும்போது வாயில் ஒரு கவளம் புல்லைக் கொண்டுவந்து வெள்ளச்சியின் முன்னால் போட்டுவிட்டுப் போகும். அதைப் பற்றிக் கிளி ஒரு வார்த்தை கத்தியதில்லை. சுண்டு கொழுகொழுவென்று ஆகிவிட்டான். அஞ்சலை அவனைத் துரத்துவதற்கே பாதி நாளைச் செலவழிக்கிறாள்.

வெள்ளச்சியை அந்தக் காடு தண்டித்துவிட்டது. காடு அவளுக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

கைகொடுக்க மனமில்லாமல் கைதட்ட மட்டும் வருகிறவர்கள், தாங்கள் புகழ்கிறவரின் வயிற்றில்தான் அடிக்கிறார்கள்.